ஓமலூர் வட்டார வீட்டுச் சர்வர்: வாழிடம், உணவு, பகைவர்கள்

வீட்டுச் சர்வர் என்பது வீட்டிலேயே இருந்து, இரவு பகலாக ஓடி, அந்த வீட்டாரின் போட்டோ, சினிமா, பத்திர நகல் ஆகியவற்றைக் காத்துக் கேட்டபோது எடுத்துத் தரும் சிறு கணினி. கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்கள் பெரிய கட்டடங்களில் செய்யும் வேலையை இது டிவி ஸ்டாண்டின் மூலையில் செய்கிறது. உலகெங்கும் காணப்படும் இந்த இனத்தின் ஓமலூர் வகை, சரபங்கா ஆற்றங்கரையிலும் சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலும் தென்படுவது, தனி ஆய்வுக்கு உரியது. மற்ற இடங்களில் சர்வரும் உரிமையாளரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வர். இங்கே உரிமையாளர் பெரும்பாலும் பெங்களூரில் வேலை பார்ப்பவர். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வருபவர். சர்வர் அவருடைய அம்மா அப்பாவோடு வளர்கிறது.

இதன் பூர்விகம் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. முதலாவது ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் கற்க வேண்டும் என்று 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்த, ஏடிஎம் கார்டு அளவுள்ள கணினி இது. இரண்டாவது கிளை முழுக்க உள்நாட்டது. 2011 செப்டம்பர் 15 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டு, மூடியில் அன்றைய முதல்வர் படம் தாங்கி, 'அம்மா லேப்டாப்' என்று ஊரறிய அழைக்கப்பட்ட மடிக்கணினி. தொடக்க காலத்தில் அதில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பாஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீல் உடைந்து, கீபோர்டில் நான்கு எழுத்து போய், பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினால் தரமான சர்வர் ஆகும் என்பதை அறிஞர் உலகம் இன்னும் உரியபடி கவனிக்கவில்லை.

இனம் பெருகியதற்கான காரணம் தெளிவானது. 2015இல் தொடங்கிய கூகுள் போட்டோஸ், எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. மெயில் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்றானது. ஒரு கிரகப்பிரவேசம், ஒரு தெரட்டிச் சீர் (பூப்பு நீராட்டு), பேரனின் காதுகுத்து ஆகியவற்றின் வீடியோவிலேயே அது நிரம்பிவிடும். உடனே பெங்களூர் மகன் நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச், ஜெல்லிஃபின் என்று இலவச மென்பொருள்களின் பெயர்களை உச்சரிக்கத் தொடங்குகிறார். இதில் சிக்கனம் என்று அவர் சொல்லும் காரணம் கணக்கில் நிற்காது. கூகுளில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய். பெட்டி, ஹார்டு டிஸ்க், அடாப்டர் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டால், அதே பணத்தில் கூகுளிடம் ஆறு ஆண்டு குடியிருக்கலாம். உண்மைக் காரணத்தை அப்பா ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்: "சொந்தக் கெணறு இருக்கறப்ப வாய்க்கா தண்ணிக்கு எதுக்கு மொற காத்துக்கிட்டு நிக்கணும்?"

உணவு மின்சாரம். ஐந்து வாட் எடுக்கும் ராஸ்பெர்ரி பை, 60 நாள் இடைவிடாமல் ஓடினால் 7.2 யூனிட். 2016 மே 23 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இது ஒரு பொருட்டே இல்லை. மகன் சிக்கனம் கருதித் தன் கல்லூரிக் கால டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து வைத்தால் கதை வேறு. அறுபது வாட் வீதம் 86.4 யூனிட், இலவசம் ஏறக்குறைய அதற்கே போய்விடும்.

ஆனால் வீட்டார் வாட்டைப் பார்ப்பதில்லை, லைட்டைப் பார்க்கிறார்கள். எந்தப் பொருள் கண் சிமிட்டுகிறதோ அதுதான் கரண்ட் இழுக்கிறது என்பது இவ்வட்டாரத்தின் அசைக்க முடியாத கொள்கை. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்த பிறகும் இரவெல்லாம் மின்சாரம் எடுக்கும். அது சீரியல் காட்டுவதால் அதன்மேல் குற்றம் சாட்டப்படுவதில்லை. பில் இருபது ரூபாய் கூடினாலும் பழி பச்சை விளக்குப் பெட்டிக்கே. இதற்கு அடுத்த செல்வாக்குள்ள கருத்து 'பழசுதான் கெட்டி' என்பது. இதை நிறுவ 2003இல் வந்த நோக்கியா 1100 எப்போதும் சாட்சிக்கு அழைக்கப்படும். அது கிணற்று மேட்டிலிருந்து விழுந்தும் ஓடியது என்பார்கள்; அதில் எத்தனை போட்டோ வைத்திருந்தீர்கள் என்று கேட்பவர் மரியாதை அறியாதவர் ஆவார். அது அப்போதே டார்ச் அடித்தது என்பதை மட்டும் எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

பகைவர்களில் முதலிடம் மிக்சிக்கு. சட்னி அரைக்கும் நேரத்தில் பிளக் பாயின்ட் தேவைப்படும். கைக்கு எட்டுவது சர்வரின் பிளக். "சும்மாதானே எரிஞ்சிக்கிட்டு இருந்துது, அரைச்சுட்டு மாட்டிடலாம்னு பாத்தேன் கண்ணு" என்ற விளக்கம் மாலையில் போனில் கிடைக்கும். சர்வர் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அதன் மெமரி கார்டு கெடலாம். தேங்காய்ச் சட்னிக்காக ஒரு கிரகப்பிரவேசம் பறிபோக வாய்ப்புண்டு.

மின்தடை அடுத்த பகை. 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் அனல்மின் நிலையம் அருகிலேயே இருப்பது இதில் எந்த உதவியும் செய்வதில்லை. இன்வெர்ட்டரின் 150 ஏஹெச் பேட்டரி, காகிதக் கணக்கில், பையையும் மோடத்தையும் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். நடைமுறையில் எழுபது வாட் ஃபேன் அதில் பங்கு கேட்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தெருவில் இருக்கிறது. கேபிள்காரர் கம்பத்தில் மாட்டிய இணையப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் கிடையாது. அப்போது சர்வர் உயிரோடு இருக்கும், பெங்களூருக்கு மட்டும் செத்துப்போயிருக்கும்.

வெயிலும் சேர்த்தி. பையின் சிப் 80 டிகிரியை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரையில் மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையில் வைத்த சர்வர், மதியத் தூக்கம் போடுவது போலத் தோன்ற இதுவே காரணம். உள்ளே குடியேறும் எறும்பையும் பல்லியையும் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பல்லி தலையிலும் தோளிலும் விழுந்தால் பலன் சொல்லும் பஞ்சாங்கம், மதர்போர்டில் விழுந்தால் என்ன என்பதைச் சொல்லாமல் விட்டது ஒரு குறை.

கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றும் உண்டு. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து அந்த முகவரியைத் தேடி வருபவருக்கு எந்த வீடு என்று தெரியாது. இதற்குத் தீர்வு, 2020 மார்ச்சில் லினக்ஸோடு சேர்க்கப்பட்ட வயர்கார்டு போன்ற சுரங்கவழி மென்பொருள். பெட்டியும் மகனின் போனும் உள்ளிருந்து வெளியே போய், தனி முகவரியுள்ள ஓர் இடைக் கணினியின் உதவியோடு ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைக்கும் வீடுகளில் இத்தனை சுற்று வேண்டியிருக்காது.

இன்வெர்ட்டர், பீரோவுக்குள் வைத்த இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் நகல், பொங்கலுக்கும் தீபாவளிக்குமாவது ஊர் வந்து எறும்பைத் தட்டிவிடும் ஓர் ஆள், மிக்சிக்குத் தனி பிளக் பாயின்ட் ஆகிய நான்கும் உள்ள வீட்டுக்கு வீட்டுச் சர்வர் பொருந்தும். இல்லாதவர்கள் மாதம் 130 ரூபாய் கட்டிவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.