களை எது, கறி எது? தில்லித் தோட்டக்காரர்களுக்குச் சில உபாயங்கள்

அரசுக் குடியிருப்பில் தரைத்தளம் ஒதுக்கியிருக்கிறார்களா? வாழ்த்துகள். வாசலில் இருக்கும் நாலு முழ மண்ணும் இனி உங்கள் பொறுப்பு. அதில் எது செடி, எது களை என்று அறிய எளிய வழி, ஜூன் மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றாமல் விடுவதுதான். நர்சரியில் விலை கொடுத்து வாங்கியதெல்லாம் 45 டிகிரியில் கருகிவிடும். பச்சையாக நிற்பது களை. அதில் முள்ளும் இருந்தால் விலாயதி கீக்கர், ஊரில் நாம் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலம். இங்கே ரிட்ஜ் காட்டில் அதை நட்டுவைத்தவர் வெள்ளைக்காரர்.

குளிர்காலத்தில் சோதனையைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி நடத்துவார். இலையடியில் மாவு படிந்த செடியை மாலி பிடுங்கக் குனியும்போது வேலிக்கு அப்பாலிருந்து "அரே, ருக்கோ!" என்று குரல் வந்தால் அது பதுவா. நம் சக்கரவர்த்திக் கீரைதான். கோதுமை வயலில் மருந்தடித்து ஒழிக்கிறார்கள். சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கிப் பராட்டாவில் வைக்கிறார்கள். குரல் வராவிட்டால் பிடுங்கலாம்.

மழை தொடங்கியதும் சாமந்தி இலைச் சாயலில் ஒன்று செழித்து வரும். பூவை எதிர்பார்த்துத் தண்ணீர் ஊற்றுவீர்கள். பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வந்து, கூடவே தும்மலும் முழங்கை அரிப்பும் வந்தால் அது பார்த்தீனியம். இங்கே காஜர் காஸ், காங்கிரஸ் காஸ் என்பார்கள். எந்தக் கட்சி ஆபீசும் பொறுப்பேற்காது. 1950களில் புனேயில் கண்ணில் பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான பேச்சு. இதைத் தின்னவென்றே மெக்ஸிகோ வண்டை வரவழைத்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். அந்த வண்டு உங்கள் வாசலுக்கு வருமென்று காத்திராமல், பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். இந்த ஒரு வரி மட்டும் விளையாட்டல்ல.

விநாயகர் சதுர்த்திக்கு முதல்நாள் தேடினால் ஓர் இழையும் அகப்படாதது அருகம்புல். மறுவாரம் ரோஜாப் பாத்தியை மூடி நிற்பதும் அதுவே.

ஊரிலிருந்து அத்தை வந்தால் மட்டும் இந்த உபாயங்கள் எதுவும் செல்லாது. கீழாநெல்லி காமாலைக்கு, கரிசலாங்கண்ணி தலைமுடிக்கு, குப்பைமேனி சொறி சிரங்குக்கு என்று எல்லாவற்றுக்கும் அடைக்கலம் கொடுத்துவிடுவார். அவர் இருக்கும்வரை தோட்டத்தில் சந்தேகத்துக்குரியது உங்கள் கத்தரிச்செடிதான்.

மிச்சம் கோரை. தண்டை விரலிடுக்கில் உருட்டுங்கள். உருளாமல் மூன்று பட்டை தட்டுப்பட்டால் அதுதான். இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து இன்னும் இரண்டை அனுப்பும். கொத்தினால் கிழங்குச் சரம் அறுந்து ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் போகும். மாலி "மோத்தா ஹை, சாப்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நீங்களும் கூடவே போங்கள். மாற்றல் உத்தரவு வந்ததும், வீட்டை ஒப்படைக்கும் பட்டியலில் மின்விசிறி, குழல்விளக்கு இவற்றுக்குக் கீழே கோரையையும் எழுதி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.