நிலா வெளிச்சம், உபயம்: சரித்திர நாவலாசிரியர்

வெள்ளைக்காரர் காலத்து அரண்மனைக் காதலை எழுதும் நம் சரித்திர நாவலாசிரியருக்கு ஊர்தோறும் சிலை வைக்கலாம். அத்தனை இளகிய மனசு. அந்நிய ஆட்சியின் புழுதி வாசகர் கண்ணில் விழுந்துவிடக் கூடாதே என்று 600 பக்கத்திலும் நிலாவைக் காயவிட்டிருக்கிறார். அமாவாசை என்ற ஒன்று அவருடைய பஞ்சாங்கத்தில் கிடையாது.

தம் இளவரசர் தலையில் எந்த வேலையையும் சுமத்தமாட்டார். கிஸ்தி, கப்பம், பஞ்சம், ஏரி மராமத்து எல்லாம் திவான் பாடு. திவான்தான் வில்லன். கலெக்டர் துரையின் மகள் கப்பலைவிட்டு இறங்கிய மூன்றாம் அத்தியாயத்திலேயே செந்தமிழ் பேசுவாள். ஐந்தாவதில் மல்லிகை சூடுவாள். குடியானவர்களையும் அவர் மறந்தவரல்லர். ஊர்வலத்தில் பூத்தூவ ஆள் வேண்டுமே.

புதுக்கோட்டையில் நிஜக்கதையே இருக்கும்போது கற்பனை எதற்கு என்று கேட்கிறார்கள் சிலர். ரசனை கெட்டவர்கள். 1915இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியா போனார். மாலி ஃபிங்க் என்ற பெண்ணை விரும்பி மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தார். பதிவாளர் அலுவலகத்தில் நிலாமுற்றம் ஏது? எதிர்த்தவர்களாவது உருவிய வாளோடு வந்தார்களா என்றால், காகிதத்தோடு வந்தார்கள். மகாராணி என்று அங்கீகரிக்கமாட்டோம் என்றது பிரிட்டிஷ் அரசு. 1916இல் பிறந்த மகனுக்குப் பட்டம் கிடையாது என்றது. இத்தனைக்கும் குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானம். 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டது அந்தச் சீமையில்தான். கும்பினிக்கு அவ்வளவு வேண்டிய வம்சம்.

இதையெல்லாம் எழுதினால் வாசகருக்கு ஒரு விபரீத எண்ணம் வந்துவிடும். கட்டிய மனைவியை ராணி என்று அழைப்பதற்கு இன்னொருவர் உத்தரவு வேண்டுமென்றால் இவர் எதற்கு ராஜா? அந்தக் கேள்வி நம்மை அண்டாமல் காப்பவர் நாவலாசிரியர். அவர் கதையில் ராஜா ராஜாவேதான். காதலுக்குக் குறுக்கே நிற்பது தந்தையின் சபதம், ஜாதகம், அதுவும் போதாவிட்டால் ஒரு பொறாமைக்கார அத்தை. ரெசிடெண்ட் துரையோ கடைசி அத்தியாயத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோடியைச் சேர்த்துவைக்கும் பெரியமனிதர். துரைத்தனத்துக்கு இத்தனை நல்ல பெயரைத் துரைமார்களே எழுதிவைத்துக்கொண்டதில்லை. சம்பளம் வாங்காமல் செய்கிறார் இவர்.

புதுக்கோட்டை மன்னருக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1922இல் ஆட்சிப் பொறுப்பு சகோதரர் கைக்குப் போனது. இவர் மனைவி மகனோடு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1928இல் பாரிஸில் இறந்தார். தகனம் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில். நம்மவர் கையில் கிடைத்திருந்தால் இப்படிச் சாகவிட்டிருப்பாரா? வெள்ளாற்றங்கரையில், காதலி மடியில், நாலு பக்கம் வசனம் பேசியபிறகுதான் உயிரை விட்டிருப்பார். ஓவியருக்கும் ஒரு முழுப்பக்கம் கிடைத்திருக்கும்.

சொந்த மகன் இருக்க, ராஜகோபாலத் தொண்டைமான் என்ற ஆறு வயதுப் பிள்ளையை அரியணையில் உட்காரவைத்தது துரைத்தனம். பிள்ளை கொலுவிருக்க, நிர்வாகத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கே நாவலாசிரியர் பேனாவை மூடிவைத்தது நியாயமே. ஆறு வயதில் காதல் வராது. வளர்ந்தபிறகாவது அந்த மன்னர் ஒத்துழைத்தாரா? 1948இல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இப்படிப்பட்ட ராஜாவை வைத்துக்கொண்டு, பாவம், எந்தப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவார் அவர்?