மூணு கல்லு அடுப்பும் ஒரு தாமரையும்

ஏலே பேராண்டி, திண்ணையில என்னடா கூத்து? வலது காலைத் தூக்கி இடது தொடையில வச்சாச்சு. இடது காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுக்குத இழுப்பைப் பார்த்தா, மொரண்டுக் கன்னுக்குட்டியைத் தறியில கட்டுத மாதிரில்லா இருக்கு! பத்மாசனமா? நல்லது. தாமரை ஏன் கடுக்காய்க் கசாயம் குடிச்ச மூஞ்சியோட பூக்குது?

இடது முட்டி தரைக்கு ஒரு சாண் மேல நின்னு ஆடுது. அதைப் போட்டு அமுக்குத பாரு, அங்கதான் உன் படிப்பு தெரியுது. உங்க ஆச்சி மூணு கல்லு அடுப்புல உலை வச்சவ. ஒரு கல்லு பள்ளமாப் போய்ப் பானை ஆடுனா, பானையையா அமுக்குவா? கல்லுக்கு அடியில ஓட்டுச்சில்லைச் சொருகுவா. உனக்கும் மூணு கல்லுதான்: ரெண்டு முட்டி, ஒரு குண்டி. ஜமுக்காளத்தை நாலு விரக்கடை உயரத்துக்கு மடிச்சுக் குண்டிக்குக் கீழ போடு. இடுப்பு முன்னால சாயும், கூனு நிமிரும், முட்டி தானா இறங்கும். இறங்காத முட்டிக்கு ஒரு துண்டைச் சுருட்டி வையி. வெக்கப்படாத, பூனாவுல பி.கே.எஸ். ஐயங்காரே கட்டையும் போர்வையும் கொடுத்துத்தான் ஆளுகளை உட்கார வச்சாரு.

இன்னொண்ணு கேட்டுக்க. இடுப்பு மூட்டு ஆட்டுரல் குழவி, சுத்தும். முட்டி கதவுக் கீலு, மடக்கி நீட்டத்தான் லாயக்கு. குழவி சுத்தலைன்னு கீலைத் திருகுனா, உள்ள இருக்க சவ்வு கிழிஞ்சுபோகும். முட்டியில சுருக்குன்னா அந்த நிமிசமே காலைப் பிரிச்சிரு. பல்லைக் கடிச்சு மூச்சை அடைக்காத. கொஞ்ச நாளைக்கு ஒத்தைக் கால் மட்டும் ஏறட்டும், அரைத் தாமரை போதும். இன்னைக்கு வலதுன்னா நாளைக்கு இடது.

பதஞ்சலி கேட்டது ரெண்டே ரெண்டு: ஆடக் கூடாது, சுகமா இருக்கணும். உங்கிட்ட ரெண்டும் இல்ல, செல்போன் வீடியோதான் ஓடுது. திருமூலர் பங்கயத்தோட சுகாதனத்தையும் ஒரே பந்தியிலதான் உட்கார வச்சாரு. சும்மா சம்மணம் போடுததும் ஆசனம்தாம்லே!

குழவி ஏன் இறுகிச்சுன்னு தெரியுமா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நாற்காலி. ஆபீஸ்ல நாற்காலி, கார்ல நாற்காலி, சோத்துக்கும் நாற்காலி. ஆச்சிகிட்டச் சொல்லிட்டேன்: நீ ஊருல இருக்கமட்டும் உனக்குத் தரையிலதான் இலை.