ரஜினி பாட்டில் ரெண்டு பொண்ணுங்க

2010-இல் தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த செல்போன் கடைகளில் பாட்டு ஜிபி கணக்கில் விற்றது. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதிரே ஒரு டீ குடித்து வந்தால் இருநூறு பாட்டு ஏறியிருக்கும். “புதுசா, பழசா, குத்தா?” கடைப்பையன் கேட்பது அவ்வளவுதான். அந்த ஜூலை 31 அன்று மலேசியாவில் ரஜினியின் ரோபோ படமான ‘எந்திரன்’ பாடல்கள் வெளியாயின. சில நாளிலேயே ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போன வேன்களிலெல்லாம் எந்திரன்தான்.

அதில் ‘இரும்பிலே ஓர் இருதயம்’ ஓடும்போது செல்போன் திரையைப் பார்த்தால், பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டைத் திருட்டுத்தனமாக ஏற்றிவிட்ட வெப்சைட்டின் பெயர் இருக்கும். டி.எம்.எஸ். பாட்டுக்கும் அதே பெயர், ஜானகியம்மா பாட்டுக்கும் அதே பெயர். தமிழில் அத்தனை பாட்டையும் பாடிய ஒரே பாடகர் அந்த வெப்சைட்தான்.

உண்மையில் அந்தப் பாட்டில் ஏ.ஆர்.ரகுமானோடு பாடியவர்கள் லேடி கேஷ், கிறிஸ்ஸி என்ற இரண்டு பெண்கள். ‘கேஷ் அண்ட் கிறிஸ்ஸி’ என்று ஜோடியாக இயங்கியவர்கள். கேஷ் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண். இயற்பெயர் கலைவாணி நாகராஜ். தமிழ் வரிகளை மதன் கார்க்கி எழுத, ஆங்கில ராப்பை இவர்களே எழுதிப் பாடினார்கள். 1994-இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்ததிலிருந்து சினிமாவில் ராப் என்றால் பெரும்பாலும் ஆண் குரல்தான்: சுரேஷ் பீட்டர்ஸ், பிளேஸ், மலேசியாவின் யோகி பி. ரஜினி படத்துக்குள் இரண்டு பெண்கள் சொந்த வரியோடு நுழைந்தது சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் மட்டும் அது விஷயமாகவே இல்லை.

பாலக்கோடு பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை. ராத்திரி ஆடல் பாடல். நடுச்சாமத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் மேடையேறினார்கள். கூடவே, சட்டை முழுக்க வெள்ளித் தாள் ஒட்டிய பையன் ஒருவன், அவன்தான் ரோபோ. அந்த வேக ஆங்கிலத்துக்கு இரண்டு பெண்களும் ஒரு சொல் பிசகாமல் வாயசைத்தார்கள். எப்படிப் பழகினார்களோ! ரோபோவோ கையை இரண்டு முறை மடக்கி நீட்டியதோடு சரி. முழங்கையில் தாள் வேறு கிழிந்து தொங்கியது. விசில் முழுக்க அவனுக்கு. “சூப்பர் ஸ்டார் பாட்டுக்கு ஐநூறு ரூபாய் அன்பளிப்பு” என்று மைக்கில் அறிவித்தார்கள். பாடியது ஐஸ்வர்யா ராயேதான் என்று பக்கத்திலிருந்த பெரியவர் அடித்துச் சொன்னார். மறுக்க அங்கே யாருக்கும் தகவல் இல்லை.

அந்தப் பாட்டின் இந்தி, தெலுங்குப் பதிப்புகளிலும் கேஷ், கிறிஸ்ஸி குரல் உண்டு. அப்புறம் ஜோடி கலைந்தது. கேஷ் தனியாகத் தொடர்ந்தார். இரும்பு ரோபோவுக்கு 2018 நவம்பரில் ‘2.0’ என்று மறுபிறவி கிடைத்தது, அதே ரகுமான் இசையில். அதில் ராப் பிளேஸ் கைக்குப் போனது. ஜோடிக்கு மறுபிறவி இல்லை.

ஜோடி கலைந்ததற்கு சினிமாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது; வேறு இடங்களிலும் ஜோடிகள் கலைகின்றன. ஸ்பெயினில் ‘பக்காரா’ என்று ஒரு பெண் ஜோடி: மைத்தே மாத்தேயோஸ், மரியா மெண்டியோலா. ஃபிளமெங்கோ ஆடிக்கொண்டிருந்தவர்கள். 1977-இல் ஒரே டிஸ்கோ பாட்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். 1978-இல் யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்க் நாட்டுக்காகப் பாடினார்கள். 1981-இல் பிரிந்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்காரா. 2020-இல் ஸ்காட்லாந்து கால்பந்து வீரர்கள் அந்த டிஸ்கோ பாட்டைப் பாடிக் கூத்தாட, நாற்பது வருஷப் பழைய பாட்டு மறுபடி விற்றது. சண்டை போட்டாலும் பாட்டு அவர்கள் பெயரில் இருந்தது. நம் ஊரில் பாட்டு ஹீரோ பெயரில் பட்டா ஆகிவிடுகிறது. சொந்த ஆல்பமும் கச்சேரியும் இல்லாமல், எப்போதாவது வரும் ஒரு சினிமாப் பாட்டை நம்பி எந்த ஜோடி எத்தனை நாள் ஓட்டும்?

இப்போது எல்லாம் மாறிவிட்டது. அரூரில் ஆடு மேய்ப்பவர் கையிலும் ஸ்மார்ட்போன். பாட்டைத் தட்டினால் பாடியவர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கேஷும் கிறிஸ்ஸியும் அதில் உண்டு. ஆனால் ரீல்ஸுக்கு முப்பது நொடி போதும் என்று நறுக்கும்போது, நான் பார்த்தவரை முதலில் போவது ராப் பகுதிதான். அன்று குரல் இருந்தது, பெயர் இல்லை. இன்று பெயர் இருக்கிறது, குரலை வெட்டிவிடுகிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சி.

பண்டிகைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் அந்தப் பாட்டைப் போட்டால் அறிவிப்பாளர் கையில் ஒரு சீட்டுக் கொடுங்கள்: பாடியவர்கள் ஏ.ஆர்.ரகுமான், லேடி கேஷ், கிறிஸ்ஸி. ஆடும் பெண்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். ரோபோவுக்கு விசில் எப்படியும் கிடைத்துவிடும்.