பிரேசில் பனையும் ஆயுத பூஜைச் சந்தனமும்

கார் மெழுகில் உசத்தி கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலை, வெயிலில் வற்றிப்போகாமலிருக்கப் பூசிக்கொள்ளும் மேக்கப் அது. உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மதுரை வெயிலே தோற்றுவிடும்.

'நிழலில், பாடி ஆறியபின், மெல்லிசாகப் பூசவும்' என்கிறது டப்பா. மதுரையில் நிழல் என்றால் வேப்பமரம். வேப்பமரம் என்றால் காக்கை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் களமிறங்குகிறார். முதலில் பாலிஷ்: பெயின்ட்டின் மேல்தோலை இம்மியளவு தேய்த்தெடுத்து மெல்லிய கீறலை மறைக்கும். அப்புறம் காவலுக்கு மெழுகு. வெளுத்து உலர்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பானெட்டில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்கிறார்.

மறுநாள் வீட்டம்மா அதே பானெட்டில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுக்கிறார். வழுக்கி வழிகிறது.

"என்னத்தங்க தடவி வச்சிருக்கீக?"