பத்தே படிகளில் பரதேசி ஆகலாம்

வாழ்த்துகள்! வேலைக்கு முழுக்குப் போட்டாயிற்று. கிராஜுவிட்டி வந்தாயிற்று. மகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வந்து இறங்கியும் ஆயிற்று. இனி உங்களுக்கு இருப்பது ஒரே ஆபத்து: இந்த ஊர் உங்களுக்குப் பழகிவிடலாம். பஸ் நம்பர் தெரிந்து, பூங்காவில் பேச்சுத்துணை கிடைத்து, ராத்திரி நல்ல தூக்கமும் வந்து கெட்டுப்போன பெரியவர்கள் சிலர் உண்டு. அந்தக் கதி உங்களுக்கு வராமல் காப்பதே இந்தக் கையேட்டின் நோக்கம்.

பயப்படாதீர்கள். இதில் முக்கால்வாசியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் பழகிவிட்டால் ஆயுசுக்கும் அந்நியர்தான்.

1. கறிவேப்பிலையை ஒளித்து எடுத்து வாருங்கள்

பச்சைக் கறிவேப்பிலையைப் புடவை மடிப்புக்குள் வையுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு குட்டிப் பூச்சி அந்த இலையில் தங்கும்; அதனால் அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுவரத் தடை. அது ஃப்ளோரிடா தோட்டக்காரர் கவலை. உங்கள் கவலை ரசம்.

சாப்பாட்டுச் சாமான் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்பார். 'நோ' என்று சொல்லுங்கள். இருக்கிறதை இருக்கிறது என்று சொன்னால் ஆகாததை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம். நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோடு கடைகளில் அதே கறிவேப்பிலை பாக்கெட்டில் தொங்குகிறது என்பதை மருமகன் காரில் சொல்லுவார். சொல்லட்டும். முதல் சண்டையை வீடு போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுவது நல்ல தொடக்கம்.

2. தேதியைப் பார்க்காதீர்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசிட்டர் விசா பத்து வருஷத்துக்கு. ஆகவே பத்து வருஷம் தங்கலாம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது விசா அல்ல, இறங்கும்போது பதிவாகும் ஐ-94 தான். பெரும்பாலும் ஆறு மாதம். அது இணையத்தில் இருப்பதால் பார்க்காமலிருப்பது மிகச் சுலபம்.

நீட்டிக்க வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே ஐ-539 மனு போட வேண்டும். நீங்கள் பேத்தியின் பரதநாட்டிய நிகழ்ச்சி முடியட்டும் என்று இருங்கள். தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருஷமும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுக் கிளம்பினால் பத்து வருஷமும் திரும்பி வரத் தடை. அடுத்த பேரன் பிறந்தால் என்ன, இருக்கவே இருக்கிறது வாட்ஸப்.

3. கிரீன் கார்டு வாங்குங்கள், ஆனால் குடிவராதீர்கள்

மகன் குடியுரிமை வாங்கி, அவனுக்கு 21 வயதும் ஆகியிருந்தால் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம். இதற்கு வருஷாந்தர ஒதுக்கீடு, வரிசை எதுவும் இல்லை. வந்ததும் அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டு மாம்பலத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

"வருஷத்துக்கு ஒருதரம் போய் இரண்டு வாரம் தலையைக் காட்டினால் போதும் சார்" என்று வாக்கிங் நண்பர் சொல்வார். அவர் வாக்கை வேதமாகக் கொள்ளுங்கள். நிஜமாகவே அங்கே வசிக்கிறீர்களா என்று அதிகாரி எந்தத் தடவையும் கேட்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டே கேள்விக்குள்ளாகும். அப்படிப் போக வேண்டியிருந்தால் ரீ-என்ட்ரி பெர்மிட் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் இருக்கும்போதே மனு செய்ய வேண்டும். நீங்கள் சென்னையில் இறங்கிய பிறகு விசாரியுங்கள்.

குடியுரிமை பேச்சு வந்தால் "எனக்கு இங்கிலீஷ் பரீட்சையெல்லாம் ஆகாது" என்று கையை உதறுங்கள். 55 வயதாகி, கிரீன் கார்டில் 15 வருஷம் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை கிடையாது, அரசியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம் என்று யாராவது சொன்னால் காது கேட்கும் மெஷினைக் கழற்றிவிடுங்கள்.

4. வரி என்பது வேலை பார்ப்பவர்களுக்கு

நீங்கள்தான் ரிட்டயர் ஆகிவிட்டீர்களே! கிரீன் கார்டு வந்த நாளிலிருந்து உங்கள் உலகளாவிய வருமானம் முழுவதும் அமெரிக்க வருமானவரித் துறையின் கணக்கில் வரும். கும்பகோணம் கிளையில் தூங்கும் ஃபிக்சட் டெபாசிட் வட்டியும், அண்ணாநகர் ஃப்ளாட் வாடகையும் சேர்த்தி. வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை தர வேண்டும். அதில் கட்ட வேண்டிய வரி ஒரு பைசா கிடையாது, சொன்னால் போதும். சொல்லாவிட்டால்தான் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். எனவே சொல்லாதீர்கள்.

ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கையும் அப்படியே விடுங்கள். வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மேனேஜர் உங்கள் ஒன்றுவிட்ட தம்பியின் சிநேகிதர் என்பது உங்கள் விதி.

மகனிடம் இதில் எதையும் மூச்சுவிடாதீர்கள். "அப்பா பணத்தில் கண் வைக்கிறான்" என்று சொல்லிக்கொள்ள வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

5. பெருக்கிக்கொண்டே இருங்கள்

எந்த விலையையும் டாலரில் விடாதீர்கள். கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை நடுவிலேயே ரூபாயாக்கி, "நம்ம ஊர்ல இதைக் கொசுறாப் போடுவான்" என்று உரக்கச் சொல்லுங்கள். முடிவெட்டும் காசைப் பெருக்கிவிட்டு, முடியை வளர விடுங்கள்.

ஊருக்குப் போன் பேசும்போது மகன் சம்பளத்தையும் பெருக்குங்கள். அவன் வீட்டுக் கடன் தவணையையும், குழந்தைக் காப்பகச் செலவையும் மட்டும் பெருக்க வேண்டாம். ஒரே வாய்ப்பாட்டில் அவன் குபேரனாகவும் நீங்கள் குசேலராகவும் ஆகிவிடலாம்.

6. நெஞ்சு வலித்தால் ஓமத் தண்ணீர்

காப்பீடு எடுப்பதானால் மலிவானதை எடுங்கள், விதிமுறைகளைப் படிக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு விசிட்டர் காப்பீடு பொதுவாகச் செல்லாது. சட்டென்று முற்றினால் மட்டும் ஓர் எல்லைவரை தரும் திட்டங்கள் உண்டு. உங்களுக்கு இருப்பது சர்க்கரை, பிரஷர், ஒரு ஸ்டென்ட். அவ்வளவுதானே!

கிரீன் கார்டு வந்ததும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஓசியில் வந்துவிடும் என்று நம்புங்கள். அமெரிக்காவில் வேலை பார்க்காதவர், 65 வயதும் தொடர்ந்து ஐந்து வருஷ வாசமும் ஆன பிறகு, மாதாமாதம் பணம் கட்டித்தான் அதை வாங்க வேண்டும். அது இந்தியாவில் அநேகமாக எதற்கும் உதவாது என்பதையும் அப்போலோ வாசலில் நின்று தெரிந்துகொள்ளலாம்.

வலி வந்தால் வாயைத் திறக்காதீர்கள். "வாயு" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் திறந்திருக்கும் செவ்வாய்க்கிழமை பகலை விட்டுவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சொல்லுங்கள். பணம் இல்லை என்பதற்காக அவசரப் பிரிவிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். முதலில் உயிர், பில் பிறகு தபாலில். அந்தத் தபால் வரும்வரை "இங்கே எல்லாம் இலவசம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

7. உயிரோடு இருப்பதைக் கடைசி நாளில் நிரூபியுங்கள்

மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் வாழ்வுச் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே கதவு திறக்கும். 2021-லிருந்து செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதியும் இருக்கிறது. பேரனிடம் கேட்டால் நிமிஷத்தில் முடித்துவிடுவான். அதனால் பேரனிடம் கேட்காதீர்கள்.

நவம்பர் 30 வரை காத்திருங்கள். நம் ஊரில் காலை பத்து மணிக்கு வங்கி திறக்கும்போது நியூ ஜெர்சியில் முந்தின ராத்திரி பதினொன்றரை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கூப்பிடுங்கள். ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொல்வார்கள். அது உங்கள் இந்திய நம்பருக்கு வரும். அந்த சிம்மைத் தொண்ணூறு நாளுக்கு மேல் தொடாமல் பீரோவில் வைத்திருந்தால் அது உங்களுக்கு முன்பே காலமாகியிருக்கும். ரீசார்ஜ் செய்யச் சொல்லி மகள் மூன்று முறை ஞாபகப்படுத்தியதை இப்போது அவளுக்கு எதிராகப் பயன்படுத்துங்கள்.

8. வீட்டில் விருந்தாளியாகவும் வேலையாளாகவும் இருங்கள்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பலவீனம். காலையில் விருந்தாளியாக இருந்து, காபி ஆறிப்போனதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வேலையாளாக மாறி, யாரும் கேட்காமலே மருமகளின் அலமாரியை அடுக்குங்கள்.

வற்றல் மிளகாய் தாளிக்கும்போது எக்ஸாஸ்டைப் போடாதீர்கள். புகை எச்சரிக்கை மணி அலறும், துண்டால் விசிறுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே முறை. வேட்டியைப் பால்கனியில் உலர்த்துங்கள். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். கவலை வேண்டாம், அது மருமகள் பெயருக்குத்தான் வரும்.

வீட்டம்மாவுக்குத் தனிக் குறிப்பு: குழந்தையை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பார்த்துக்கொள்வீர்கள் என்று பேசிவைக்காதீர்கள். இடுப்பு வலிக்கிறது என்று மகளிடம் சொல்லாதீர்கள். காரைக்குடியில் இருக்கும் தங்கையிடம் சொல்லுங்கள், ஸ்பீக்கரில், மகள் அடுத்த அறையில் மீட்டிங்கில் இருக்கும்போது.

வெளியே போகவும் யாரையாவது நம்பியே இருங்கள். டிரைவிங் கற்றுக்கொள்ள வேண்டாம், பஸ் பாஸ் வேண்டாம். நூலகம் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் குளிரைக் காரணம் சொல்லுங்கள். கோடையில் வெயிலைச் சொல்லுங்கள். பிறகு, "நாலு சுவருக்குள்ள ஜெயில் மாதிரி இருக்கு" என்று சொல்லுங்கள்.

9. மனிதர்களைச் சந்தியுங்கள், பழகாதீர்கள்

கோயிலுக்குப் போங்கள். நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலானால் கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, சரவண பவன் அளவுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள். டெக்சாஸ் பியர்லாண்ட் மீனாட்சி கோயிலானால் மதுரையை இழுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பெரியவரும் உங்களைப்போல் ஒரு பேச்சுத்துணைக்குத் தவித்துக்கொண்டிருப்பார். அவரிடம் சொந்த ஊர், மகன் கம்பெனி, வீட்டின் சதுர அடி மூன்றையும் விசாரித்து, உங்களைவிட மேலா கீழா என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். போன் நம்பரை வாங்காதீர்கள். வாங்கினாலும், காலை வணக்கப் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அமெரிக்கர் கையசைத்தால் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.

10. இப்போது ஊருக்குத் திரும்புங்கள்

உயர்நிலைப் பயிற்சி இதுதான். இதுவரை ஒரு நாட்டில்தான் அந்நியராக இருந்தீர்கள். பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம்.

சென்னை வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். பூட்டி வையுங்கள். வருஷத்தில் இரண்டு மாதம் வந்து ஒட்டடை அடித்து, பிளம்பரைத் தேடி, இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றி முடித்ததும் கிளம்பும் நாள் வந்துவிடும். அந்த இரண்டு மாதமும் ஹாரன் சத்தம், தூசி, வரிசையில் நிற்காத ஜனம் என்று மூக்கைச் சுருக்குங்கள். "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்பதை நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுங்கள். அங்கே போனதும் "எங்க ஊர்ல இப்படி இல்லை" என்று மாற்றிக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலோடு கல்யாணத்துக்குப் போங்கள். சொந்தக்காரர்கள் உங்களுக்குக் காரம் குறைத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

எங்கே நிலையாக இருக்கப்போகிறோம் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவது மட்டும் கூடவே கூடாது. பேசினால் முடிவு வந்துவிடும். முடிவு வந்தால் மேற்படி ஒன்பது படிகளும் வீண்.

தேர்ச்சி பெற்றுவிட்டீர்களா?

பரீட்சை எளிது, இரண்டே கேள்விகள். எடிசனில் கோயில் வாசலில் நிற்பவர் கேட்பார்: "எப்ப வந்தீங்க? எப்பக் கிளம்பறீங்க?" மாம்பலத்தில் மளிகைக்கடைக்காரரும் அதையே கேட்பார். இரண்டு பேருக்கும் "இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை சார்" என்று சொல்ல வந்துவிட்டால் பட்டம் உங்களுக்குத்தான்.

கேட்டவர் அதோடு விடாமல், "வீடு பக்கத்துலதான், வாங்களேன், ஒரு காபி சாப்பிடலாம்" என்று இழுத்தால் மட்டும் உஷார். மாத்திரை நேரம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் பலர் அந்தக் காபியில்தான் கோட்டைவிட்டார்கள்.