விட்டாச்சு மாப்ள

"விட்டாச்சு மாப்ள. இனி அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு மாமா இருப்பார். எதை விட்டார் என்று யாரும் கேட்பதில்லை. பீடியை விட்டவன், பிராந்தியை விட்டவன் எல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறான். ஆன்லைன் ரம்மியை விட்டவர் மட்டும்தான் எதிர்ச்சாரிக் கடைக்கும் கேட்கிற மாதிரி அறிவிக்கிறார்.

உண்மையில் மாமா தானாக எதையும் விட்டவர் இல்லை. அவருக்கு விரதம் போட்டுவிடுவது சட்டசபை, முடித்து வைப்பது ஐகோர்ட். 2020 நவம்பரில் ரம்மிக்குத் தடை போட்டு அவசரச் சட்டம் வந்தது. "எனக்கே வெறுத்துப்போச்சுப்பா, விட்டுட்டேன்" என்றார். 2021 ஆகஸ்டில் அந்தத் தடைச் சட்டத்தை ஐகோர்ட் ரத்து செய்தது. மாமாவின் கட்டைவிரல் உடனே வேலைக்குத் திரும்பிவிட்டது. "சும்மா டைம்பாஸுக்குத்தான்." அப்புறம் நீதிபதி சந்துரு குழு, அறிக்கை, கவர்னர் திருப்பி அனுப்பிய மசோதா என்று இழுத்து, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. மாமா மறுபடியும் விட்டார். இந்தத் தடவை கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட இருந்தது. அதே வருஷம் நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அந்தத் தடை அவற்றுக்குச் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தண்ணீர் காய்ந்துவிட்டது. 2025-இல் ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று அரசு விதி போட்டது. அதையும் மாமா தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். "பன்னெண்டு அடிச்சா போனைத் தூக்கி அங்கிட்டு வச்சிருவேன் மாப்ள. மனுசனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ல?"

மகள் பிளஸ் ஒன்னா பிளஸ் டூவா என்று தடுமாறுகிறவர், ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1967 என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அந்தத் திறமையைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறேன். பதிமூன்று சீட்டும் சிதறிக் கிடக்கும். ஒரிஜினல் சேர்ந்திருக்காது. ஸ்கூட் விட்டால் இருபது பாயிண்டோடு போகும். மாமா விடமாட்டார். எட்டும் ஒன்பதும் கையில் வந்துவிட்டதாம், ஆட்டின் ஏழு வந்தே தீருமாம். வராது. எங்கேயோ இருக்கிற எவனோ டிக்ளேர் அடித்துவிடுவான். எண்பது பாயிண்ட், ஃபுல். "அடுத்த சீட்டு அதான் மாப்ள, எனக்குத் தெரியும்" என்பார். ஜெயித்தால் திறமை, தோற்றால் சீட்டு சரியில்லை. 2023 அக்டோபரில் கட்டுகிற பணத்துக்கே 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்த பிறகு, தோல்விக்கு நிதியமைச்சகமும் பொறுப்பாளியானது. ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் காந்தி நிகேதனில் தங்கிக் கிராமப் பொருளாதாரம் சொன்ன ஊர் இது. எங்களுக்கு வாய்த்த பொருளாதாரப் பாடம் மாமாவுடையது.

அத்தையிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடாது. மகளிர் குழுவில் அவர் பெயரில் எடுத்த கடன் எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். தவணை நாளில் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது அவர்தான். ரம்மிக் கடனில் மாட்டி உயிரை விட்டவர்களின் செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால்தான் இந்தச் சட்டமெல்லாம் வந்தது. டீக்கடையில் விட்டுட்டேன் என்று அத்தனை தடவை சொன்ன வாய், எவ்வளவு விட்டேன் என்று வீட்டில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடுகிற ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, எல்லாவற்றுக்கும் தடை. பெரிய கம்பெனிகள் தாங்களாகவே காசு மேசைகளை மூடிவிட்டன. மாமாவின் ஆகப்பெரிய அறிவிப்பு அப்போதுதான் வந்தது. தேவன்குறிச்சி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

கொஞ்ச நாள் போனது. போனைக் குனிந்து பார்க்கிற அந்தக் கழுத்து எனக்குத் தெரியாதா? "காசு இல்லப்பா, வெறும் காயின்தான். போக்கரு. பிள்ளைக விளையாடுற மாதிரி" என்றார். பார்த்தேன். நிஜமாகவே இலவசக் காயின்தான். ஆனால் மாமாவின் முகத்தில் முன்பு காசு போனபோதுகூட இல்லாத வருத்தம்.

"ரெண்டும் ஏழும் கையில வச்சுக்கிட்டு ஆல்-இன் அடிக்கிறேன் மாப்ள. நாலு பேரும் பயப்படாம கூட வர்றானுக. காசா இருந்தா ஒருத்தனாச்சும் சீட்டை மடக்கியிருப்பான். இதுல எங்க பொய் சொல்லி ஜெயிக்கிறது?"

பாவமாகத்தான் இருந்தது. இப்போது அவரிடம் ஒன்றே கால் கோடி காயின் இருக்கிறது. டீக்குச் சில்லறை கேட்டால், "கோடி வச்சிருக்கிறவன்கிட்ட பதினஞ்சு ரூவா கேக்குறியே" என்று சிரிக்கிறார். காசை நான்தான் கொடுக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். ஆள் சேர்த்துவிட்டால் கூடுதல் காயின் தருவார்களாம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்று என்று என் போனுக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இதற்குத் தடை வாங்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.